கருமையும் வெண்மையும்: 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்த உருவப்படங்களில் ஆடையணியும் வர்க்க அடையாளமும்

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்துக்கு உரிய இடம் தனித்துவமானது. பிற நாடுகளில் மன்னரும் மதபீடமும் கலைஞரின் தலையாய புரவலராக விளங்கிய அக்காலத்திலே, வணிகரும் ஆலை உரிமையாளரும் நகரமன்ற உறுப்பினரும் தத்தம் உருவங்களை எழுதுவித்துத் தம் இல்லச் சுவர்களை அலங்கரித்த நாடு அது. அவ்வுருவப்படங்களை முதன்முறை காண்போர் மனத்திலே பெரும்பாலும் ஓர் எண்ணமே தோன்றும்: இவர்கள் எளிமையை விரும்பிய மக்கள். கறுத்த உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, அடக்கமான பார்வை என்பனவே கண்ணிற்படுகின்றன. இவ்வெளிமையைக் கல்வினிய சமய ஒழுக்கத்தின் நேரடி வெளிப்பாடாகக் கொள்வது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது.

இவ்விளக்கம் போதியதன்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்தாகும். ஒல்லாந்த உருவப்படங்களிற் காணப்படும் கருமையும் வெண்மையும் அக்காலத்தில் மிகுந்த பொருட்செலவில் மட்டுமே பெறக்கூடியனவாக இருந்தன. அவற்றை அணிந்தோரும் வரைந்தோரும் பார்த்தோரும் அச்செலவை நன்கு அறிந்திருந்தனர். வணிக மூலதனத்தின் துணையுடன் ஆட்சியுரிமை பெற்ற ஒரு வர்க்கம், தனது செல்வத்தை நம்பகத்தன்மையாக மாற்றிக் காட்டுவதற்கு ஆடையணியைக் கருவியாகக் கொண்டது. அதே வேளையில், அவ்வாடையை ஆக்கிய உழைப்பைப் படச்சட்டத்திற்கு வெளியே நிறுத்தியது. காட்டப்பட்டதையும் விடுபட்டதையும் ஒருசேர நோக்கும்போதுதான் இப்படங்கள் சமூக வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படும்.

1. வணிகர் குடியரசும் உருவப்படமும்

1568இல் ஸ்பானிய முடியாட்சிக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சியின் விளைவாகத் தோன்றியதே ஒல்லாந்தக் குடியரசு. 1585இல் அன்ட்வேர்ப் நகரம் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்ததைத் தொடர்ந்து தென் நெதர்லாந்தின் வணிகரும் நெசவாளரும் கைவினைஞரும் பெருந்தொகையாக வடக்கே குடிபெயர்ந்தனர். லெய்டன் நகரக் கம்பளித் தொழிலும் ஹார்லம் நகர லினன் தொழிலும் இக்குடிபெயர்வாற் பெருவளர்ச்சி கண்டன. 1602இல் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனியும், 1609இல் ஆம்ஸ்ரர்டாம் மாற்று வங்கியும், 1621இல் மேற்கிந்தியக் கம்பனியும் நிறுவப்பெற்றன. கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் முதற்பாகத்திலே 17ஆம் நூற்றாண்டின் தலையாய முதலாளித்துவ நாடாக ஒல்லாந்தை எடுத்துக் காட்டியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இத்தகைய சமுதாயத்தில் ஆடைக்குரிய சமூகப் பொருள் நிலமானிய சமுதாயங்களிலிருந்து வேறுபட்டது. ஐரோப்பிய முடியாட்சிகள் பலவற்றில் இன்ன குலத்தவர் இன்ன துணியை உடுத்தலாம் என வரையறுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. ஒல்லாந்தக் குடியரசிலோ பிறப்பின் அடிப்படையில் ஆடையை வரையறுக்கும் பொதுச்சட்டம் இருக்கவில்லை. பணமுள்ளவன் பட்டுடுத்தலாம். ஆகவே, ஆடை பரம்பரை உரிமையின் அடையாளமாக இருந்த நிலை தளர்ந்து, வாங்கும் வல்லமையின் அடையாளமாகியது. வாங்கும் வல்லமையோ நிலையற்றது. ஒரு கப்பல் மூழ்கினால், ஒரு சரக்கின் விலை சரிந்தால், அது மறைந்துவிடும். இந்நிலையற்ற செல்வத்திற்கு நிலையான தோற்றம் ஒன்றை அளிக்கும் பணியினையே உருவப்படம் ஏற்றது.

2. கருமையின் விலை

கறுப்பு எளிய நிறம் என்பது இயற்கைச் சாயங்களின் காலத்திற்குப் பொருந்தாத எண்ணமாகும். ஆழ்ந்த, ஒரே சீரான, வெளிறாத கறுப்பினை ஒரே முழுக்கிற் பெறும் வழி அக்காலச் சாயகாரரிடம் இருக்கவில்லை. சிறந்த கறுப்பினைப் பெறவேண்டுமாயின் முதலிலே துணியை அவுரி நீலத்திலோ அதனையொத்த ஐரோப்பியச் செடியொன்றின் நீலத்திலோ தோய்த்து, படிகாரமேற்றி, மஞ்சிட்டி வேரின் செஞ்சாயத்தில் மீண்டும் தோய்த்தல் வேண்டும். ஒவ்வொரு முழுக்கும் காலமும் எரிபொருளும் கைத்திறனும் வேண்டி நின்றது. மாசிக்காயையும் அன்னபேதியையும் கொண்டு மலிவான கறுப்பினைப் பெறலாம். ஆயின் அது நாளடைவிற் பழுப்பேறும். அதிலுள்ள இரும்புச் சத்து இழைகளையே அரித்துவிடும். எனவே நீலத்தை அடித்தளமாகக் கொண்ட நற்கறுப்பிற்கும் மலிந்த கறுப்பிற்குமிடையிலான வேறுபாடு செல்வருக்கும் அல்லாதாருக்கும் இடையிலான வேறுபாடாகவும் இருந்தது.

இவ்வேறுபாடு பொருளாதார முக்கியத்துவம் வாய்ந்ததாக இருந்தமைக்கு றெம்பிரான்ட் 1662இல் வரைந்த ஆம்ஸ்ரர்டாம் துணிச் சோதகர் குழுவின் ஓவியமே சான்று. நீலமும் கறுப்புமாகச் சாயமிடப்பட்ட துணிகளை மாதிரிகளுடன் ஒப்பிட்டு, தரத்திற்கேற்ப ஈயமுத்திரை இடுவதற்கு நகரமன்றம் நியமித்த அலுவலரே இவர்கள். மேசைமீது மாதிரிப் புத்தகம் விரிந்து கிடக்கின்றது. கறுப்பின் தரத்தை அளந்த ஐவரும் தாமே தரமான கறுப்பை உடுத்து, அகன்ற தொப்பியுடன் அமர்ந்தும் எழுந்தும் காணப்படுகின்றனர். ஆறாமவர் பின்னே அகன்ற தொப்பியின்றி நிற்கின்றார், அவர் பணியாளர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதிருப்பது எசமானரின் உரிமையாயிருந்தது. ஆக, அறுவர் கொண்ட ஒரு படத்திலே வர்க்க எல்லையினைத் தொப்பி ஒன்றே வரைந்துவிடுகின்றது.

கறுப்புக்கு வேண்டிய நீலம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் முக்கியமானது. ஐரோப்பாவில் விளைந்த நீலச்செடியுடன் போட்டியிட்டு வந்த அவுரியை, கிழக்கிந்தியக் கம்பனி குசராத்திலும் ஆக்ரா வட்டாரத்திலும் சோழமண்டலக் கரையிலும் கொள்முதல் செய்தது. லெய்டன் நெசவாளரின் கம்பளியுடன் இந்திய உழவரின் விளைபொருளும் சேர்ந்தே ஆம்ஸ்ரர்டாம் வணிகரின் ‘எளிய’ உடை உருவாகியது.

கறுப்பினைச் சமயத்துடன் மட்டும் பிணைத்து நோக்குவோர் மற்றொரு செய்தியையும் கவனித்தல் வேண்டும். கறுப்பு உடை மேட்டுக்குடி வழக்காக வேரூன்றியது 15ஆம் நூற்றாண்டின் பேர்கண்டி அரசவையிலும், பின்னர் கத்தோலிக்க ஸ்பானியாவின் அரசவையிலுமேயாகும். இரண்டாம் பிலிப்பு மன்னனின் கறுப்பு உடை ஐரோப்பா எங்கும் பின்பற்றப்பட்டது. ஸ்பானியாவுக்கு எதிராகப் போராடிய ஒல்லாந்தர் தமது பகைவரின் அரசவைக் கறுப்பையே தம் கௌரவ உடையாகத் தொடர்ந்தனர். புரட்டஸ்தாந்த ஒழுக்கத்திற்கும் முதலாளித்துவத்திற்கும் இடையிலான தொடர்பினை மாக்ஸ் வெபர் 1904-05 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு விளக்க முயன்றது உண்மையே. ஆயினும் ஆடை விடயத்திலே சமயத்தை மூலகாரணமாகக் கொள்வதிலும், ஏற்கெனவே மேட்டிமை பெற்றிருந்த ஒரு வழக்கிற்குச் சமயம் பின்னர் ஒழுக்க விளக்கம் அளித்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

றெம்பிரான்ட் 1641இல் வரைந்த கொர்னேலிஸ் அன்ஸ்லோவும் அவர் மனைவியும் அடங்கிய ஓவியம் இதனைத் தெளிவாக்கும். அன்ஸ்லோ, எளிமையை வலியுறுத்திய மெனொனைற் சபையின் போதகர். அதே வேளை பெருஞ்செல்வம் படைத்த துணி வணிகர். படத்தில் பகட்டான நிறமோ பொன்னணியோ இல்லை. ஆனால் அவரது மேலங்கியின் ஓரத்தில் மென்மயிர்த் தோல். மேசையிலே விலையுயர்ந்த கீழைத்தேயக் கம்பளம். சபையின் விதியும் மீறப்படவில்லை; வணிகரின் நிலையும் மறைக்கப்படவில்லை.

பிரான்ஸ் ஹால்ஸ் என்னும் ஹார்லம் ஓவியரின் படங்களில் இருபத்தேழு வகைக் கறுப்புகள் இருப்பதாக வின்சன்ட் வான் கோ 1885இல் தம் தம்பிக்கு எழுதினார். வெல்வெற்றின் கறுப்பு ஒளியை விழுங்கும். சாட்டினின் கறுப்பு ஒளியைத் திருப்பும். கம்பளியின் கறுப்பு இரண்டிற்கும் இடைப்பட்டது. துணி வணிகத்திலே ஊறிய சமுதாயத்தின் கண்கள் இவ்வேறுபாடுகளை எளிதில் இனங்கண்டிருக்கும். ஓவியர் அக்கண்களுக்காகவே வரைந்தார்.

3. வெண்மையின் உழைப்பு

கறுப்பின் மேல் விளங்கும் வெண்மை இன்னொரு வகை உழைப்பின் விளைவு. நூற்றாண்டின் முற்பகுதிப் படங்களில் கழுத்தைச் சுற்றி நிற்கும் மடிப்புப் பட்டி, அதன் வட்ட வடிவம் காரணமாகத் திருகைக்கல் பட்டி எனப் பெயர்பெற்றது. பல முழ நீளமான மிக மெல்லிய லினனைச் சிறுசிறு மடிப்புகளாக அடுக்கி, கஞ்சியிட்டு, சூடேற்றிய இரும்புக் கோல்களால் ஒவ்வொரு மடிப்பையும் வளைத்து நிறுத்தியே அதனை ஆக்கினர். ஒருமுறை கழுவினால் முழு வேலையையும் மீண்டும் தொடங்கவேண்டும். அதனை அணிந்தவர் குனிந்து பாரம் தூக்கவோ, அடுப்படியில் நிற்கவோ இயலாது. உடலுழைப்பு தமக்குரியதன்று என்பதை ஆடையே பறைசாற்றியது.

லினன் வெளுக்கும் தொழிலுக்கு ஹார்லம் நகரம் ஐரோப்பா முழுவதிலும் புகழ்பெற்றிருந்தது. மணற்குன்றுகளிலிருந்து பெறப்பட்ட தெளிந்த நீரும், திறந்த புல்வெளிகளும், பண்ணைகளிலிருந்து கிடைத்த மோரும் அத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தன. துணியைக் காரநீரில் ஊறவைத்து, கழுவி, புல்வெளியில் விரித்து, நனைத்து, மோரில் இட்டு, மீண்டும் விரிக்கும் இவ்வேலை மாதக்கணக்கில் நீண்டது. பிற நாடுகளில் நெய்யப்பட்ட லினனும் இங்கு வெளுக்கப்பெற்று ‘ஹொலன்ட்’ என்ற பெயரில் உயர்விலைக்கு விற்கப்பட்டது. யாக்கோப் வான் றைஸ்தால் 1670களில் வரைந்த ஹார்லம் நகரக் காட்சிகளில், பரந்த வானத்தின் கீழ் நீள்பட்டைகளாய் விரிந்து கிடக்கும் வெண்துணிகளையும், அவற்றினிடையே புள்ளிகள் போன்ற தொழிலாளரையும் காண்கின்றோம். உருவப்படத்திலே கழுத்துப்பட்டியின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரிகின்றது. அதனை வெளுத்தவரின் முகமோ நிலக்காட்சியிலே ஒரு தூரிகைப் புள்ளி மட்டுமே.

1630களில் மடிப்புப் பட்டியின் இடத்தைத் தோளின்மேற் படியும் றேந்தைப் பட்டி பிடித்தது. பிளாண்டர்ஸ் பகுதியின் றேந்தைக்குப் பெருமதிப்பு இருந்தது. எண்ணற்ற நூலுருளைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் வறிய பெண்களும் சிறுமியருமாவர். சிறிய துண்டொன்றிற்கே பல வாரக் கண்ணுழைப்புத் தேவைப்பட்டது. கறுப்புத் துணியின்மேல் வெள்ளை றேந்தையை வைத்தமைக்கு அழகியற் காரணத்துடன் வேறொரு காரணமும் இருந்தது. கருமையான பின்னணியிலேயே பின்னலின் ஒவ்வோர் இழையும் எண்ணப்படக்கூடியதாகும்.

4. தோற்றமும் கடன்நம்பிக்கையும்

வணிக முதலாளித்துவத்தில் ஒருவரின் தோற்றம் அவரது தொழில் மூலதனத்தின் ஒரு பகுதியாகும். கடன் பெறுவதற்கும், பங்காளரைச் சேர்ப்பதற்கும், மகளுக்கு மணம் பேசுவதற்கும் நம்பத்தகுந்தவர் என்ற பெயர் வேண்டும். 1631இல் றெம்பிரான்ட் வரைந்த நிக்கொலாஸ் ருட்ஸ் என்பவரின் படத்தை இவ்வகையில் நோக்கலாம். ருட்ஸ், ருஷியாவுடன் வாணிகம் செய்தவர். படத்தில் அவரது தோள்களை மூடி நிற்கும் மென்மயிர்த் தோல், வடபுலக் காடுகளில் வேட்டையாடப்பட்ட சேபிள் என்னும் சிறுவிலங்கிற்குரியது. கையிலே ஒரு கடிதம். தொழிலின் சரக்கு தோளிலும், தொழிலின் கருவி கையிலும் உள்ளன. பார்ப்பவரை நேர்நோக்கும் அம்முகத்தில் உறுதி மிளிர்கின்றது. ஆயினும் அவரது வணிகம் பின்னர் நொடித்துப் போயிற்று. ருட்ஸ் 1638இல் இறந்தார். படமோ இன்றும் அவரது செல்வாக்கையே பேசுகின்றது.

ஹார்லம் துணி வணிகர் வில்லம் வான் ஹெய்தைசனை ஹால்ஸ் 1625ஆம் ஆண்டளவில் முழுவுருவமாக வரைந்தார். அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட முழுவுருவ அமைப்பிலே, இடுப்பிற் கையூன்றி, வாளை நிலத்தில் ஊன்றி, அவர் நிற்கின்றார். வாள் அவரது தொழிற்கருவியன்று. நிலப்பிரபுத்துவத்தின் சின்னத்தை வணிகர் விலைக்கு வாங்கிக்கொண்டார் என்பதே அதன் பொருள். 1624இல் ஹால்ஸ் வரைந்த, ‘சிரிக்கும் வீரன்’ எனப் பிற்காலத்தார் பெயரிட்ட 26 வயது இளைஞனின் சட்டைக் கையிலோ தேனீக்களும் அம்புகளும் காதல் முடிச்சுகளும் பலநிற நூல்களால் இழைக்கப்பட்டுள்ளன. நிறம் தெரியாத சமுதாயமல்ல அது. இளமைக்கு நிறத்தை அனுமதித்து, குடும்பத்தலைவருக்கும் பதவியாளருக்கும் கறுப்பைச் சிறப்பாக ஒதுக்கிய சமுதாயம் அது.

ஆடை நேரடியான பொருளிலும் சேமிப்பாக இருந்தது. ஆம்ஸ்ரர்டாம் நகரமன்றம் 1614இல் ஓர் அடகு வங்கியை நிறுவிற்று. அடகுக்கு வந்த பொருள்களில் துணியும் உடையும் அடங்கின. இறந்தோரின் உடைமைப் பட்டியல்களில் சட்டைகளும் கழுத்துப்பட்டிகளும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு மதிப்பிடப்பட்டன. செல்வரின் பெட்டியில் அவை பெருமை. வறியவரின் பெட்டியில் அவை இக்கட்டு வேளையின் கைமுதல்.

5. சீனியும் பட்டும்: மணமக்கள் இருவரின் படங்கள்

1634இல் றெம்பிரான்ட் வரைந்த மார்ட்டன் சோல்மன்ஸ், ஓப்யன் கொப்பிற் தம்பதியரின் இரட்டைப் படங்கள் எமது ஆய்விற்கு மையமானவை. இவற்றை 2016இல் நெதர்லாந்து அரசும் பிரெஞ்சு அரசும் கூட்டாக 160 மில்லியன் யூரோவுக்கு வாங்கின. முழுவுருவ அளவிலான இப்படங்களில், 21 வயதான மார்ட்டன் கறுப்புப் பட்டுடுத்து, அகன்ற றேந்தைப் பட்டியும், காலணிகளின்மேற் பெரும் றேந்தைப் பூக்களும் அணிந்து நிற்கின்றார். கையுறையொன்றைக் கழற்றிக் கையில் ஏந்தியுள்ளார். ஓப்யனின் கழுத்தில் முத்துவடமும் கையில் விசிறியும் காணப்படுகின்றன. கையுறை வெப்பத்திற்கும் விசிறி காற்றிற்கும் இங்கு வேண்டப்படவில்லை. வேலை செய்யாத கைகளின் அடையாளங்கள் அவை.

இவ்வாடைக்குரிய பணம் எங்கிருந்து வந்தது? மார்ட்டனின் தந்தை அன்ட்வேர்ப்பிலிருந்து குடிபெயர்ந்து ஆம்ஸ்ரர்டாமிற் சீனி சுத்திகரிப்பு ஆலை நடத்தியவர். ஓப்யனோ அந்நகரின் பழம் வணிகக் குடியொன்றைச் சேர்ந்தவர். புதுப்பணமும் பழங்குடிப் பெருமையும் மணவினையால் இணைந்தன. இணைப்பைப் படம் உறுதிப்படுத்திற்று. அக்காலத்தில் ஆம்ஸ்ரர்டாம் ஆலைகளுக்கு வந்த கச்சாச் சீனியின் பெரும்பகுதி, அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரின் உழைப்பால் பிறேசில் தோட்டங்களில் விளைந்ததாகும். பளபளக்கும் கறுப்புப் பட்டின் பின்னே கரும்பாலையின் கொதிகலம் இருக்கின்றது.

இப்படங்களின் பிற்கால வரலாறு இதனினும் தெளிவான பாடத்தைத் தருகின்றது. 1641இல் மார்ட்டன் இறந்தபின் ஓப்யன் மறுமணம் செய்தவர் மார்ட்டன் டாய் என்னும் படையலுவலர். 1956இல் ஆவண ஆய்வு திருத்தும்வரை, ஆண் உருவம் இவருடையதென்றே கருதப்பட்டது. டாய் அதற்கு முன்னர் மேற்கிந்தியக் கம்பனியின் பிறேசில் ஆட்சிப்பகுதியிற் பணிபுரிந்தவர். அங்கு அவர் ஜுலியானா என்ற ஆபிரிக்கப் பெண்ணைத் தம் பிடியில் வைத்திருந்தமையும் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தமையும் ஆவணங்களால் தெரியவந்துள்ளன. 2021இல் ஆம்ஸ்ரர்டாம் றைக்ஸ் நூதனசாலை அடிமைமுறை பற்றி நடத்திய கண்காட்சியில் ஓப்யனின் படம் இவ்வரலாற்றுடன் சேர்த்தே வைக்கப்பட்டது. ஓப்யனின் முத்துவடத்தை எண்ணிப் பார்க்க எமக்குப் படம் உண்டு. ஜுலியானாவின் முகத்தைக் காண எமக்கு எதுவுமில்லை.

6. அணிகலனாக்கப்பட்ட மனிதர்

ஆடையும் அணியும் போலவே மனிதரும் படத்திற் செல்வத்தின் அடையாளமாக வைக்கப்பட்டனர். ஹால்ஸ் 1619-20 அளவில் வரைந்த கத்தரீனா ஹோஃப்ட் என்னும் குழந்தையின் படத்தில், ஒன்றிரண்டு வயதுக் குழந்தை பொற்பூவேலைத் துணியும் றேந்தையும் போர்த்து வீற்றிருக்கின்றது. அதனை ஏந்தியுள்ள செவிலித்தாயின் உடை கறுத்தது, அலங்காரமற்றது. இங்குக் கறுப்பு உண்மையிலேயே எளிமையாகின்றது. அருகருகே உள்ள இரு துணிகளே ஒருத்தியை எசமானியாகவும் மற்றவளைக் கூலியாளாகவும் அறிவிக்கின்றன. அக்குழந்தை 1635இல் ஆம்ஸ்ரர்டாமின் ஆளுங்குடியினரான கொர்னேலிஸ் த கிராஃப்பை மணந்தாள். செவிலியின் பெயர் படத்துடன் வழங்கவில்லை. ஆயினும், ஹால்ஸ் அச்செவிலியின் முகத்தைக் கனிவோடும் உயிர்ப்போடும் வரைந்துள்ளார் என்பதை நாம் மறுத்தலாகாது. கலைஞனின் பார்வை புரவலரின் நோக்கத்தை எப்பொழுதும் முற்றிலும் பின்பற்றுவதில்லை.

1640களின் பிற்பகுதியில் ஹால்ஸ் வரைந்த ஒரு குடும்பப் படத்தில் கறுப்பின இளைஞன் ஒருவனும் இடம்பெற்றுள்ளான். றெம்பிரான்ட்டின் காலத்து ஆம்ஸ்ரர்டாமில் ஆபிரிக்க வழிவந்த சுதந்திர மக்களும் வாழ்ந்தனர் என்பதை 2020இல் அந்நகரின் றெம்பிரான்ட் இல்லத்தில் நிகழ்ந்த கண்காட்சி எடுத்துக்காட்டியது. ஆயின் செல்வர் படங்களில் அவர்கள் பெரிதும் பணியாளராகவே காட்சியளிக்கின்றனர்.

குடியேற்ற நாடுகளில் இந்நிலை மறைப்பின்றி வெளிப்படுகின்றது. அல்பேர்ட் கைப், நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரைந்த படமொன்றில், கம்பனியின் மூத்த வணிகர் தம் மனைவியுடன் பத்தாவியாத் துறையிலே நின்று தாயகம் திரும்பும் கப்பல்களைச் சுட்டிக் காட்டுகின்றார். பின்னே அடிமை ஒருவன் அவர்களுக்குக் குடை பிடிக்கின்றான். யாக்கோப் கூமன் 1665இல் பத்தாவியாவில் வரைந்த பீற்றர் க்னொல் குடும்பப் படத்தில், க்னொலும், யப்பானியத் தாய்க்குப் பிறந்த அவர் மனைவி கொர்னேலியாவும், புதல்வியர் இருவரும் விலையுயர்ந்த ஆடையணிகளுடன் முன்னே நிற்க, அடிமைகள் இருவர் பின்னே நிழலில் நிற்கின்றனர். தாயகத்தில் ஆடைக்கட்டுப்பாடு இயற்றாத அதே வணிக வர்க்கம், கீழைத்தேயத்திலே பதவிப்படி வகுத்த ஆடம்பரச் சட்டத்தை இயற்றியது. 1754இல் ஆளுநர் நாயகம் யாக்கோப் மொசல் பிறப்பித்த விதிகள், எத்தரத்தவர் எத்தகைய வண்டி, குடை, நகை என்பவற்றைக் கொள்ளலாம், எத்தனை அடிமைகள் புடைசூழச் செல்லலாம் என வரையறுத்தன. குடைக்கும் நகைக்கும் பக்கத்திலே அடிமைகளும் ஒரே பட்டியலில் எண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

7. சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை

படத்திலுள்ள ஒவ்வோர் ஆடையும் அணியும் அவ்வாறே உண்மையில் இருந்தது என முடிவு செய்தல் தவறு. வெர்மீர் 1665ஆம் ஆண்டளவில் வரைந்த ‘முத்துத் தோடணிந்த பெண்’ உருவப்படமன்று. குறித்த எவரையும் சுட்டாமல் முகபாவத்திற்காக எழுதப்பட்ட தலைப்படம். அவள் காதிலுள்ள பெருமுத்து சில வெண்தீற்றுகளால் ஆயது. அதற்குக் கொக்கிகூட வரையப்படவில்லை என்பதை 2020இல் வெளியான நுண்ணாய்வு காட்டியது. வெர்மீரின் பல ஓவியங்களில் வெவ்வேறு பெண்கள் அணிந்து தோன்றும் வெண்மயிர்க் கரையிட்ட மஞ்சள் மேற்சட்டை, அவர் இறந்தபின் 1676இல் எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் இடம்பெறுகின்றது. அது வரைகூடத்தின் வீட்டுடைமை. ஆகவே படம், உடைமைப் பட்டியல், ஆவணம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே வரலாற்றாசிரியன் முடிவுக்கு வரவேண்டும். எனினும் பொய்முத்தும் ஓர் உண்மையைச் சொல்கின்றது: முத்து எதனைக் குறிக்கும் என்பதில் பார்ப்போருக்கு ஐயம் இருக்கவில்லை.

8. கறுப்பிலிருந்து பட்டிற்கு

நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுங்குடியினர் பலர் நேரடி வணிகத்திலிருந்து விலகி, அரச கடன்பத்திரங்களிலும் நிலத்திலும் முதலிட்டு, வட்டியிலும் பதவி வருமானத்திலும் வாழும் வர்க்கமாக மாறினர். உருவப்படங்களிலும் இம்மாற்றம் தெரிகின்றது. காஸ்பர் நெட்ஷர் போன்றோரின் படங்களில் பிரெஞ்சு அரசவைப் பாணியிலான சாட்டின், நீண்ட பொய்முடி, பூங்காப் பின்னணி என்பன மேலோங்கின. ‘கறுப்பு’த் தலைமுறையின் பேரர் பிரபுக்களின் தோற்றத்தை வெளிப்படையாக ஏற்றனர்.

இக்காலத்தில் ஆண்களின் படங்களில் தளர்ந்த நீளங்கி ஒன்று பரவலாக இடம்பெற்றது. யப்பானில் ஆண்டுதோறும் எடோ நகர் சென்ற கம்பனித் தலைவருக்கு ஷோகுன் அளித்த பட்டு அங்கிகளே இதன் மூலம். அப்பரிசுகள் அரிதானமையால், அவற்றைப் போன்று இந்தியத் துணிகளிலும் அங்கிகள் தைக்கப்பட்டன. சோழமண்டலக் கரையின் சீத்தைத் துணி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. அச்சிவப்புக்குரிய சாயவேர் வட இலங்கையிலிருந்தும் பெறப்பட்டது. 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகபட்டினம் ஆகியவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கம்பனி, முத்துச் சலாபத்தின்மீது உரிமை கொண்டதுடன், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர் குத்துதலைக் குலத்தொழிற் கடமையாகக் கொண்டிருந்த மக்களிடம் சாயவேரையும் திறையாகப் பெற்றது. ஒல்லாந்தப் படங்களில் உள்ள சிவப்பும் முத்தும் எமக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. எம்முன்னோருள் ஒடுக்கப்பட்டோரின் மண்வெட்டியும் மூச்சடக்கிய மூழ்குதலும் அவ்வுலகச் சந்தையின் உறுப்புகளாயிருந்தன.

9. முடிவுரை

1664ஆம் ஆண்டளவில், எண்பது வயதைக் கடந்த ஹால்ஸ், ஹார்லம் முதியோர் இல்லத்தின் ஆண், பெண் ஆளுநர்களை இரு படங்களில் வரைந்தார். அதே காலத்தில் வறுமையுற்றிருந்த அவருக்கு நகரமன்றம் உதவிப்பணமும், குளிருக்கு எரிக்க முற்றாநிலக்கரியும் வழங்கியது. ஜோன் பேர்ஜர் 1972இல் வெளியிட்ட ‘பார்க்கும் முறைகள்’ நூலில், இப்படங்களை வெறும் வண்ண இசைவாக விளக்கிய கலை விமர்சனத்தைச் சாடி, பிறர் தருமத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் தருமம் வழங்கும் பதவியாளரை எதிர்கொண்ட நாடகமே அவற்றின் உள்ளடக்கம் என வாதித்தார். அவ்வாதத்தின் சில பகுதிகள் மிகையானவை எனலாம். ஆயினும் அடிப்படை வினா சரியானதே. ஆளுநரின் நற்கறுப்பும் மாசற்ற வெண்பட்டியும் அப்படங்களிலும் உள்ளன. ஆனால் அவற்றின் மேலுள்ள முகங்கள் தளர்ந்தவை, களைத்தவை. ஆடை அளித்த பாதுகாப்பை ஓவியரின் கண் ஊடுருவிவிட்டது.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவேயாகும். ஒல்லாந்த உருவப்படத்தின் எளிமை, செல்வத்தைத் துறந்தோரின் எளிமையன்று. செல்வத்தை ஒழுக்கமாகக் காட்டவேண்டிய தேவையுடைய வர்க்கமொன்றின் எளிமை. அக்கறுப்பிலே அவுரி விளைத்தோரும் சாயகாரரும், அவ்வெண்மையிலே வெளுப்போரும் றேந்தை பின்னிய சிறுமியரும், அப்பட்டிலே கரும்புத் தோட்டத்து அடிமைகளும் உறைந்துள்ளனர். கலைஞரின் ஆற்றலைப் போற்றுவதும் இவ்வுழைப்பை நினைவிற் கொள்வதும் முரணானவையல்ல. ஒவ்வோர் இழையையும் உண்மையாக வரைந்த அக்கலைஞரின் நேர்மையே, அவ்விழையை நூற்றவர் யார் என்று கேட்கும் வாய்ப்பினை எமக்கு அளித்துள்ளது.